காலாவதியான பதிவுகள்

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் நெசவுச் சமூகத்துக்கென்று ஒரு திருமணத் தகவல் மையம் இருக்கிறது. கல்யாண மண்டபத்தின் மாடியில் ஒரே அறை. அதில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், வருகிறவர்கள் உட்கார நான்கு நாற்காலிகள், நான். பதினோரு வருஷமாக அங்கே வேலை பார்க்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பும் தமிழ் டைப்ரைட்டிங்கும்தான் என் படிப்பு. ஆட்களோடு அதிகம் பேச வேண்டியிராது என்று நினைத்துத்தான் இந்த வேலைக்குச் சேர்ந்தேன். பிள்ளைக்கு வரன் தேடி வருகிறவர்களைப் போலப் பேசுகிறவர்கள் உலகத்திலேயே கிடையாது என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

வேலை கடினமில்லை. படிவத்தைப் பூர்த்தி செய்து கொண்டுவருவார்கள். ஜாதகத்தை ஸ்கேன் செய்து, கட்டங்களைத் தட்டச்சு செய்து, இரண்டு போட்டோ ஏற்றி, ஒரு எண் கொடுப்பேன். வரன் பார்க்க வருகிறவர்கள் என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்காருவார்கள். நான் அம்புக்குறிப் பொத்தானை அழுத்த அழுத்த ஒவ்வொரு முகமாக வரும். "அடுத்தது போடுப்பா" என்பார்கள். போடுவேன்.

அந்த முகங்களில் என்னுடையதும் ஒன்று. எண் நானூற்றுப் பதினேழு. நான் வேலைக்குச் சேர்ந்த மாதமே என் அக்கா படிவம் எழுதி, என்னையே தட்டச்சு செய்ய வைத்துவிட்டுப் போனாள். யாருக்காவது மாப்பிள்ளைப் பக்கம் காட்டும்போது நானூற்றுப் பதினாறு வந்ததும் பொத்தானை இரண்டு முறை சட்டென்று தட்டிவிடுவேன். திரையில் ஏதோ மின்னினாற்போல இருக்கும், அவ்வளவுதான். பதினோரு வருஷத்தில் ஒருவரும் கவனித்ததில்லை. அப்புறம் விரலுக்கே அது பழகிவிட்டது.

போன ஆனி மாதம், முகூர்த்தங்கள் நெருக்கமாக இருந்த ஒரு வாரத்தில், ஒரு புதுப் பதிவைச் சேமிக்கப் போனபோது சிவப்பு எழுத்தில் ஆங்கிலத்தில் நான்கு வரி வந்தது. மறுபடி முயன்றேன். மறுபடியும் அதே நான்கு வரி. எதிரில் பெண்ணைப் பெற்றவர் உட்கார்ந்திருந்தார். "என் பொண்ணு ஜாதகத்தைக் கம்ப்யூட்டரே வேணாங்குதா?" என்று கேட்டார். அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் முகத்தில் பயம் இருந்தது.

கம்ப்யூட்டர் பழுது பார்க்க ஐயம்பேட்டையிலிருந்து ஒரு பெண் வருவாள். பாலிடெக்னிக் படித்தவள். என்னை அண்ணா என்று கூப்பிடுவாள். எது கேட்டாலும் எனக்குப் புரிகிற வரை சொல்வாள். அதற்காகவே அவள் வருகிற நாட்களில் எனக்கு தைரியமாக இருக்கும். ஸ்கூட்டியை மண்டபத்து வாசலில் நிறுத்திவிட்டு வந்து, இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டாள்.

"ஒண்ணும் கெடலைண்ணா. நிரம்பிடுச்சு."

"டிஸ்க்குல நிறைய இடம் இருக்குதேம்மா?"

"டிஸ்க்குல ஊரையே குடி வெக்கலாம். இந்த டேட்டாபேஸ் ஃப்ரீ எடிஷன். பத்து ஜிபிக்கு மேல உள்ள விடாது. இதே கம்பெனியோட பெய்டு எடிஷன் போட்டீங்கன்னா விட்டுடும்."

"அப்ப ஏன் இத்தனை வருஷம் சும்மா குடுத்தாங்க?"

"சின்னதா இருக்கற வரைக்கும் சும்மா. நாம பெருசாயிட்டோம், அதான்."

பெருசாகிவிட்டோம் என்று அவள் சொன்னது எனக்கு ஏதோ பாராட்டு போலிருந்தது. தலைவரிடம் சொல்லும்போது அந்த வார்த்தையைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். சொல்ல வாய்ப்பு வரவில்லை.

எங்கள் கமிட்டி அமாவாசையன்றுதான் கூடும். அன்று தறிகளுக்கு விடுமுறை என்பதால் எல்லோரும் வர முடியும். ஆனி அமாவாசைக் கூட்டத்துக்கு அந்தப் பெண்ணையும் வரச் சொன்னார்கள். தலைவர் பத்துத் தறி வைத்திருக்கிறவர், குறைவாகப் பேசுவார். செயலாளருக்குப் பட்டுக்கடை, தலைவருக்கும் சேர்த்து இவர் பேசுவார்.

அவள் மூன்று வழி இருக்கிறது என்றாள். ஒன்று, இதே சாஃப்ட்வேரின் கட்டணப் பதிப்பு. அளவுத் தொல்லை இல்லை. தினமும் நகல் எடுத்து வைக்கிற வேலையை நேரம் குறித்துவிட்டால் அதுவே செய்யும். இரண்டாவது, முழுக்க முழுக்க இலவசமான வேறொரு டேட்டாபேஸ், அளவே கிடையாது. ஆனால் நம்முடைய புரோகிராம் இதற்கென்று எழுதியது, மாற்றி எழுத வேண்டும். எழுதிக்கொடுத்தவர் வெளிநாட்டில் இருக்கிறார். மூன்றாவது, இலவசத்திலேயே இருந்துகொண்டு வேண்டாததைக் கழிப்பது.

"கட்டணம்னா எப்படிம்மா? ஒரு தடவை குடுத்தா போதுமா?" என்று கேட்டார் தலைவர்.

"கம்ப்யூட்டருக்கு ஒரு லைசென்ஸ் சார். அப்புறம் பார்க்கற ஆளுக்கு ஒண்ணுன்னு லைசென்ஸ்."

செயலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பார்க்கறதுக்குமா? நம்ம ஆளுங்க பொண்ணு பார்க்கப் போனாலே பஜ்ஜியும் கேசரியும் சாப்ட்டுட்டு சும்மா எழுந்து வர்றவங்கம்மா! இதுக்குக் காசு கேட்டா மாடியேறியே வரமாட்டாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியபோது கட்டணப் பதிப்பும் அடங்கிவிட்டிருந்தது. வேறு டேட்டாபேஸ் என்ற பேச்சு, வெளிநாட்டில் இருக்கிற ஆளை யார் பிடிப்பது என்பதோடு முடிந்தது.

"கழிக்கறதுன்னா எதை? கல்யாணம் ஆனதை எடுத்துடலாமே" என்றார் தலைவர்.

"ஆயிடுச்சுன்னு எவன் வந்து சொல்றான்? ஊருக்கெல்லாம் பத்திரிகை வெப்பான், நமக்கு மட்டும் வெக்கமாட்டான்." செயலாளர் கையை ஆட்டினார். "நாப்பதுக்கு மேல இருக்கறதை எடுத்துடுங்க. ஆனிருந்தா ஆயிருக்கும். ஆகலைன்னா இனிமே எங்க ஆகப்போவுது? ஆடி மாசம் யாரும் வரமாட்டாங்க, அதுக்குள்ள முடிச்சிடலாம். எழுதிக்கப்பா."

நோட்டீஸ் வாசகத்தை அவரே சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். "நாற்பது வயதைக் கடந்த காலாவதியான பதிவுகள் ஆடி மாத இறுதியில் நீக்கப்படும்."

கட்டணப் பதிப்பு வாங்கலாம் என்று சொல்ல எனக்கு ஆசை. நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் எனக்கு நாற்பத்தைந்து வயது. நான் வாயைத் திறந்தால் அது நானூற்றுப் பதினேழு பேசுவதாகத்தான் கேட்கும். செயலாளருக்கு அடுத்த சிரிப்புக்கு ஆளாக நான் தயாராக இல்லை. அன்று மாலையே நோட்டீஸை அச்செடுத்துக் கதவில் ஒட்டினேன்.

ஆடி அமாவாசையன்று ஒருத்தி வந்தாள்.

மாதம் தவறாமல் அமாவாசைக்கு அமாவாசை வரன் பார்க்க வருகிறவள். பாவு பிணைக்கிற வேலை. தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூலான பாவு தீர்ந்ததும், புதுப் பாவின் இழைகளைப் பழையதன் நுனிகளோடு ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்கி இணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். வீடு வீடாகப் போய்ச் செய்வாள். நாற்பத்தொரு வயது. மற்றவர்களுக்காகத் தாயோ அண்ணனோ வருவார்கள். இவளுக்கு இவளேதான் வருவாள். பக்கத்தில் உட்கார்ந்து, புதிதாக வந்த வரன்களைப் பார்த்து, சிலவற்றை ஒரு சீட்டில் குறித்துக்கொண்டு போவாள். நாங்கள் பேசிக்கொண்ட வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அன்று கதவருகே நின்று நோட்டீஸை இரண்டு தடவை படித்தாள். பிறகு உள்ளே வந்தாள்.

"இது யாருங்க எழுதினது?"

நான்தான் என்றேன். கமிட்டியில் சொன்னார்கள் என்று சேர்த்துக்கொண்டேன்.

"காலாவதின்னு மாத்திரை அட்டையிலதாங்க போடுவாங்க. எனக்கு எப்போ, எந்தக் கடையில சீல் குத்தினாங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் கேட்டாள். நான் பத்து ஜிபி பற்றியும், இலவசப் பதிப்பு பற்றியும், சிவப்பு எழுத்து பற்றியும் சொன்னேன். எனக்குப் புரிந்தது பாதி, சொல்ல வந்தது அதில் பாதி.

"அப்ப இடம் பத்தலைன்னு எழுதணுங்க. இடம் பத்தலைன்னா இடம் பத்தலை, அது உங்க கஷ்டம். காலாவதின்னா ஆளு கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "சரி, கடைசியா ஒரு வாட்டி முழுசாப் பார்த்துட்டுப் போறேன். மொதல்லேர்ந்து போடுங்க."

முதலிலிருந்து போட்டேன். நானூற்றுப் பதினாறில் வழக்கம்போல இரண்டு தட்டு. வெகுநேரம் போயிற்று. இரண்டாயிரத்தைத் தாண்டி ஓர் எண்ணில், "நிறுத்துங்க நிறுத்துங்க" என்றாள்.

திரையில் நான் இருந்தேன். கட்டம் போட்ட சட்டை, தலைநிறைய முடி. ஏதோ கல்யாணத்தில் எடுத்த போட்டோவிலிருந்து வெட்டியது. என் பெயர், என் நட்சத்திரம், என் தெரு. வயது முப்பத்தாறு.

"இது நீங்கதானே?"

எனக்குக் காது சூடானது.

"முப்பத்தாறாமே! தப்பிச்சீங்க, நீங்க காலாவதி ஆகலை." வாய் மேல் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். அத்தனை மாதங்களில் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அவள் போனதும் அக்காவுக்குப் போன் செய்தேன். எனக்கு மஞ்சள் காமாலை வந்து ஒரு வாரம் படுத்திருந்தபோது, எனக்குப் பதில் உட்கார்ந்த ஆளிடம் கொடுத்துப் பதிய வைத்தாளாம்.

"பழைய போட்டோவுக்கு ஒண்ணும் வரலைன்னுதான்டா. எல்லாரும் செய்யறதுதானே? உன் ஆபீஸ்ல உனக்கே தெரியலையா?"

"வயசைக் கொறச்சிருக்கியேக்கா."

"நான் கொறச்சா உனக்கு என்னடா நோவுது?"

எல்லோரும் செய்கிறது என்று அவள் சொன்னதுதான் எனக்கு இரவு வரை மனதில் நின்றது. ஒரே பிள்ளையைச் சில வருஷம் கழித்துப் புதுப் போட்டோவோடு, புது வயதோடு, புது எண்ணில் மறுபடி பதிந்திருக்கிறார்கள். நானே என் கையால் எத்தனை பேருக்கு அப்படித் தட்டச்சு செய்திருப்பேனோ. எண்ணைப் பார்த்து வேலை செய்கிறவனுக்கு முகம் நினைவிருக்காது.

அந்த இரட்டைப் பதிவுகளை எடுத்தாலே இடம் கிடைத்துவிடுமே என்று மறுநாள் ஐயம்பேட்டைப் பெண்ணை வரவழைத்தேன். பெயரை வைத்துத் தேடினால் கிடைக்காது, ஒருமுறை இனிஷியலோடு, ஒருமுறை வீட்டுப் பெயரோடு எழுதியிருப்பார்கள். பிறந்த வருஷமும் உதவாது. ஆனால் ஜாதகக் கட்டத்தை யாரும் மாற்றுவதில்லை. மாற்றினால் பொருத்தம் பார்ப்பதே பொய்யாகிவிடும் என்கிற பயம்.

"பிறந்த நேரமும் நட்சத்திரமும் ஒண்ணா இருக்கறதைத் தேட முடியுமாம்மா?"

"சூப்பர்ண்ணா" என்று சொல்லி மூன்று வரி எழுதி ஓடவிட்டாள். ஒரு பட்டியல் இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது.

"இது நிஜமா ஒரே ஆளுதானான்னு எப்படிண்ணா தெரியும்?"

"சனியைப் பார்த்தா தெரிஞ்சிடும்மா."

பதினோரு வருஷமாகக் கட்டம் தட்டச்சு செய்ததில் எனக்கு வந்த ஒரே ஞானம் அது. சனி ஒரு ராசியில் சுமாராக இரண்டரை வருஷம் இருப்பார். வயது முப்பத்தாறு என்றால் அவர் தனுசில் இருக்க வேண்டும். என் கட்டத்தில் சிம்மத்தில் இருந்தார். படிவம் என்ன சொன்னாலும் சனி தன் இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஆடி முடிகிற வரை அந்தப் பட்டியலை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இரட்டைப் பிள்ளைகளாகப் பிறந்தவர்கள் தவறிப் போய்விடக்கூடாது என்று ஆளின் பெயரையும் போட்டோவையும் ஒப்பிட்டேன். அப்படி நான்கு ஜோடி இருந்தது. அவர்களை விட்டுவிட்டேன்.

அதோடு, வருஷக்கணக்காக யாரும் வந்து கேட்காத எண்களுக்குப் போன் செய்தேன். என்னைத் தெரிந்தவர்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். ஒவ்வொரு முறையும் தண்ணீர் குடித்துவிட்டு, கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு கூப்பிட்டேன். "பையனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுங்களா?" என்றால் சிலர் திட்டினார்கள். ஒரு அம்மா, "ரெண்டு புள்ள இருக்குதுபா அவனுக்கு. எடுத்துடாதே, நல்ல போட்டோ, அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டும்" என்றார்.

கடைசியில் என் முறை வந்தது. இரண்டு பதிவில் ஒன்று போக வேண்டும். முப்பத்தாறை வைத்துக்கொண்டால் கமிட்டி என்ன முடிவு செய்தாலும் நான் பட்டியலில் இருப்பேன். நாற்பத்தைந்தை வைத்துக்கொண்டால் மற்றவர்களோடு நானும் நீக்கப்படலாம். சனி பார்த்துக்கொண்டிருந்தார். கட்டம் போட்ட சட்டைக்காரனைத் தேர்ந்தெடுத்து நீக்கினேன். "நிச்சயமாக நீக்கவா?" என்று கம்ப்யூட்டர் கேட்டது. பாவம், நல்ல முடி அவனுக்கு. ஆம் என்று அழுத்தினேன்.

ஆவணி அமாவாசையன்று காலை கமிட்டி கூடியது. "முடிஞ்சுதாப்பா? எல்லாத்தையும் எடுத்தாச்சா?" என்று செயலாளர் ஆரம்பித்தார்.

எழுந்து நின்றேன். எழுதி வைத்திருந்த தாளைப் பிரித்தேன். நாற்பதுக்கு மேற்பட்டவர்களைத் தொடவில்லை, அதற்குப் பதிலாக இரட்டைப் பதிவுகளையும் கல்யாணமானவர்களையும் எடுத்திருக்கிறேன், இப்போது புதுப் பதிவு போட இடம் இருக்கிறது என்று படித்தேன்.

"அதையும் எடுத்து இதையும் எடுத்தா இன்னும் இடம் கெடைக்குமே?" என்றவர் என்னை உற்றுப் பார்த்தார். "ஓஹோ! இவருதும் அதுல இருக்குதில்ல? அதான் மாப்பிள்ளை கையைக் கட்டிக்கினு இருந்துட்டாரு!"

சிரித்தார்கள். இந்தச் சிரிப்புக்காகத்தான் இரண்டு மாதமாக பயந்துகொண்டிருந்தேன். வந்த பிறகு பார்த்தால் அது ஒரு சிரிப்புதான்.

"ஆமாங்க, என்னுதும் இருக்குது. எனக்காகவும்தான் கேக்கறேன்" என்றேன். இது தாளில் இல்லாதது. "அமாவாசைக்கு அமாவாசை ஒருத்தங்க தானா வந்து பார்த்துட்டுப் போறாங்க. அவங்களுக்கு நாப்பத்தொண்ணு. வர்றவங்களைக் காலாவதின்னு நாம எப்படிங்க சொல்றது?"

தலைவர் இரட்டைப் பதிவுப் பட்டியலைக் கேட்டார். கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தவர் ஓரிடத்தில் நின்றுவிட்டார். எனக்குத் தெரியும், அது அவருடைய தங்கை மகன். மூன்று பதிவு. நாற்பத்தொன்று, முப்பத்தெட்டு, முப்பத்தைந்து. மூன்றிலும் சனி துலாத்தில்.

"இவன் வருஷா வருஷம் கொறஞ்சுக்கினே வர்றானேப்பா" என்றார் தலைவர் மெதுவாக. "இன்னும் நாலு வாட்டி பதிஞ்சா தொட்டில்ல போட்டுடலாம் போலக்குது."

செயலாளர் சிரிக்க ஆரம்பித்து, தலைவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"இவனுது எதை வெச்சிருக்கே?"

"நாப்பத்தொண்ணை வெச்சிருக்கேங்க."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருடைய தங்கை வீட்டில் அந்தப் பிள்ளையை நினைத்து எத்தனை பேர் கவலைப்படுகிறார்கள் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும்.

"இருக்கட்டும். இப்போதைக்கு ஃப்ரீயே இருக்கட்டும். மறுபடியும் நிரம்பிச்சுன்னா காசு குடுத்து வாங்கிப்போம். ஆளை எடுக்க வேணாம்." பிறகு என்னைப் பார்த்து, "தானா நகல் எடுக்கும்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சே, ஃப்ரீல அது வராதில்ல?" என்றார்.

"நான் எடுத்துடறேங்க. சாயங்காலம் கதவைச் சாத்தறதுக்கு முன்னாடி பென்டிரைவ்ல."

"அப்ப ஃப்ரீ இல்லப்பா அது. உன் நேரம்" என்றார். அதைச் செயலாளர் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளவில்லை. எனக்கு அவர் சொன்னதே போதுமாயிருந்தது.

கூட்டம் முடிந்ததும் கதவிலிருந்த நோட்டீஸைக் கிழித்தேன். பசை நன்றாகப் பிடித்திருந்தது. "காலாவதி" என்ற இடம் மட்டும் வரவில்லை. ஈரத்துணி வைத்துச் சுரண்டினேன்.

பிற்பகலில் பாவு பிணைக்கிறவள் வந்தாள். படியேறி வந்தவள் வெறும் கதவைப் பார்த்துக்கொண்டு சற்று நின்றாள்.

"என்னுது இருக்குதுங்களா?"

எண்ணைப் போட்டுத் திரையை அவள் பக்கம் திருப்பினேன். தன் போட்டோவைத் தானே கொஞ்ச நேரம் பார்த்தாள். பக்கத்தில் இருந்த வயதையும் பார்த்தாள்.

"இடம் வாங்கிட்டாங்களா?"

"இல்லைங்க. இருக்கற இடத்திலயே நிறைய பேரு ரெண்டு வாட்டி உட்கார்ந்திருந்தாங்க. எழுப்பிட்டேன்."

"உங்களையுமா?"

"என்னையும்தான்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, கையிலிருந்த சீட்டையும் பேனாவையும் மேசை மேல் வைத்தாள். "நடுவுல நடுவுல எண்ணு போயிருக்குமே, மொதல்லேர்ந்து போடுங்க, பார்க்கலாம்" என்றாள்.

போட்டேன். நானூற்றுப் பதினாறு வந்தது. விரல் பழக்கத்தில் இரண்டு தட்டுக்குத் தயாராக எழும்பியது. ஒரே தட்டு தட்டிவிட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தாள். பெயர், நட்சத்திரம், படிப்பு, வேலை. இழை தேடுகிற மாதிரி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் போனாள்.

"நாப்பத்தஞ்சு" என்றாள். "சரியாத்தான் இருக்குது."

சீட்டில் ஏதோ குறித்துக்கொண்டாள். எந்த எண் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

"அடுத்தது போடுங்க" என்றாள். போட்டேன்.